வட்டத்துக்கு ஒரு முனை

வண்டி வந்து நின்றதும் வட்டம் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் முதலில் செய்கிற காரியம், டிரைவரை இறக்குவது.

டிரைவர் என்றால் சுண்டுவிரலின் நுனிக் கணு உயரமுள்ள ஒரு பொம்மை. மாதிரி ரயிலின் எஞ்சின் கூரையை நகத்தால் நெம்பித் திறப்பார். இடுக்கியை உள்ளே விட்டு, ஆளை இடுப்பில் பிடித்துத் தூக்கி, பிளாட்பாரத்தின் கடைசியில் இருக்கிற மர பெஞ்சில் உட்காரவைப்பார். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பெஞ்சில் டிரைவர் இருக்கிறவரை கரண்ட் குமிழை யாரும் தொடக் கூடாது. சம்பந்தியே வந்தாலும் அதே விதிதான்.

“அவ்வளவுதானா?” என்று கேட்பார்கள்.

“என்ன அவ்வளவுதானா? இப்பதான் வந்து உக்காந்திருக்கான். மூச்சு விடட்டும்.”

“எஞ்சின்லயும் உக்காந்துதானே இருந்தான்?”

“எஞ்சின்ல உக்கார்றதும் பெஞ்சுல உக்கார்றதும் ஒண்ணாய்யா? நீ வண்டி ஓட்டியிருக்கியா?”

 கேட்டவர் வேறு வேலை இருப்பதாக ஞாபகம் வந்து நழுவிவிடுவார்.

மாதிரி ரயில் செய்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்து உண்டு. ஒருவருக்கு மலை வேண்டும், மலையைக் குடைந்து சுரங்கம் வேண்டும். ஒருவருக்குப் பாலமும் பாலத்தின் கீழே தண்ணீரும் வேண்டும். இன்னொருவருக்கு இருபது பெட்டி கோத்த விரைவு வண்டி, நிற்காமல் ஓட வேண்டும். எல்லோருடைய தண்டவாளமும் கடைசியில் சுற்றி வந்து தொடங்கின இடத்திலேயே சேரும். சேர்ந்தால்தானே வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்? வட்டத்தின் பித்து நேர் எதிர். அவருடைய தண்டவாளம் ஓரிடத்தில் முடியும். முடிகிற இடத்தில் ஒரு முட்டுக்கட்டை, அதற்குப் பின்னால் ஒரு சுவர். வண்டி அங்கே வந்து நிற்கும். நிற்பதுதான் விசேஷம்.

ஏன் அப்படி என்று புரிய அவர் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

அவர் ஓட்டியது வட்டப் பேருந்து. டிப்போ வாசலில் கிளம்பி, ஆஸ்பத்திரி, மார்க்கெட், நூற்பாலை, கோர்ட், ரயிலடி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் டிப்போ வாசல். அங்கிருந்து மறுபடியும் ஆஸ்பத்திரி. பிற தடங்களுக்கெல்லாம் இரண்டு முனை உண்டு. முனைக்குப் போனால் டிரைவர் எஞ்சினை அணைப்பார், இறங்குவார், ஒதுங்குவார், ஒரு டீ குடிப்பார், முதுகை நிமிர்த்துவார். முனை ஓய்வு என்று அதற்குப் பெயர். எங்கள் தொழிற்சங்கத்தின் முந்தைய தலைமுறை ரத்தம் சிந்தி வாங்கின உரிமை. வட்டத் தடம் வந்தபோது நிர்வாகம் உட்கார்ந்து யோசித்தது. யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தது: வட்டத்துக்கு முனை கிடையாது, ஆகவே முனை ஓய்வும் கிடையாது. என் வாழ்நாளில் எத்தனையோ சுற்றறிக்கை படித்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான பகல் கொள்ளையை வேறெதிலும் பார்த்ததில்லை.

போராடினோம். தட்டி எழுதினோம், வாசலில் நின்றோம், ஒருநாள் வண்டிகளை நிறுத்தினோம். பேச்சுவார்த்தை மேசையில் ஓர் அதிகாரி காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு எங்கள் பக்கம் தள்ளினார். “இதுல முனை எங்கன்னு காட்டுங்க, இப்பவே ஓய்வு தர்றேன்” என்றார். அவர் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் இவர் மட்டும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆளுக்கு இரண்டு செட் யூனிஃபார்ம் கொடுத்து வாயை அடைத்தார்கள். கோரிக்கை கிடப்பில் போனது.

அந்தத் தடத்திலேயே பணிக்காலம் முழுக்க ஓட்டினார். “வட்டம் வந்தாச்சா?” என்று டிப்போவில் பேருந்தைக் கேட்டுக் கேட்டு, பெயர் ஆள்மேல் ஒட்டிக்கொண்டது. ஒதுங்க இடம் இல்லாததால் வேலைநேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டார். முதலில் நீர்க்கடுப்பு வந்தது, அப்புறம் கல் வந்தது. கல் ஒருமுறை வந்தால் விருந்தாளி மாதிரி போகாது, உறவுக்காரன் மாதிரி திரும்பத் திரும்ப வரும். வலியில் தரையில் புரண்டவரைத் தூக்கி உட்காரவைத்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தவர் அவர் மனைவி. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அவருக்கு வேலை. மரத்தை மயிரிழை பிசகாமல் அறுக்கிற கை. டிப்போவில் எங்களுக்கெல்லாம் அவர் சட்டக்காரம்மா.

ஓய்வு பெற்றதும் வட்டம் பின்னறையைக் காலி செய்தார். பழைய பொம்மைக் கடையில் ஒரு சின்ன எஞ்சினும் மூன்று பெட்டியும் வாங்கினார். தன் கடையில் மிஞ்சின மரத்துண்டுகளை சட்டக்காரம்மா பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே வாயும் கொடுத்தார்.

“ஊர்ல ரிட்டயர் ஆன ஆம்பளைங்க எல்லாம் பேப்பர் படிச்சுட்டுத் தூங்குறாங்க. எனக்கு வாய்ச்சது தண்டவாளம் போடுது.”

“பேப்பர்ல என்ன இருக்கு?”

“ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க எந்திரிக்க மாட்டீங்க. அந்தப் பொம்மையத் தூக்கி உக்கார வைக்க மட்டும் கை நீளுதா?”

“அவனுக்கு யாரும் இல்ல. எனக்கு நீ இருக்க.”

“ஐஸு வைக்காதீங்க. பசை டப்பாவ மூடுங்க, வீடே நாறுது.”

மேசையை நெஞ்சு உயரத்துக்கு அமைத்தார். பார்க்கிறவர்கள் குனிந்து பார்க்கும்படிதான் எல்லோரும் அமைப்பார்கள். “நான் காக்கா இல்ல, மேலேர்ந்து பாக்க. பிளாட்பாரத்துல நிக்கிறவன் எப்படிப் பாப்பானோ அப்படித்தான் பாக்கணும்” என்றார். மலை வைக்கவில்லை. பூ மரம் வைக்கவில்லை. குடித்த டீத்தூளைக் காயவைத்து, பசை தடவிய பலகைமேல் தூவி மண் ஆக்கினார். கிழிந்த பஸ் சீட்டின் ரெக்ஸின்தான் பிளாட்பாரத் தரை. சட்டம் அறுத்த மரத்தூளில் பச்சை கலந்து, தண்டவாள ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புல். பெட்டிகளை அழுக்காக்கினார். புது வண்டியை ஏன் கெடுக்கிறீர்கள் என்று மகள் கேட்டதற்கு, “ஓடுற வண்டி எது பளபளன்னு இருக்கு?” என்றார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். குழாயில் ஒரு சொட்டு, ஒளிபுகும் பசையில் செய்தது, விழப்போகிற மாதிரி தொங்கும். அதற்கும் அப்பால், முட்டுக்கட்டைக்குப் பின்னால், தண்டவாளம் முடிகிற இடத்துக்கு நேராக அந்தச் சுவர். அது கழிப்பறையின் சுவர். ஸ்டேஷன் கட்டடத்துக்குப் பட்டதைவிட அதற்குத்தான் அதிகப் பாடுபட்டார். சுண்ணாம்பு உதிர்ந்த இடம், ஈரம் ஏறின கறை, ஒரு பக்கம் சாத்தாமல் விட்ட கதவு. உள்ளே விளக்குகூட எரியும்.

“சாத்தித் தொலைக்கக் கூடாதா அந்தக் கதவ?” என்றார் சட்டக்காரம்மா.

“தெறந்திருந்தாத்தான் உள்ள போலாம்னு தெரியும்.”

அந்த அம்மா பசை டப்பாவை மட்டும் மூடிவைத்துவிட்டுப் போனார். 

எங்கள் ஊரில் மாதிரி ரயில்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. எங்கள் சங்கம் மாதிரி இல்லை, அங்கே காபி கிடைக்கும். தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷன், மறைப்பதற்கில்லை. வட்டத்தைத் தானே அழைத்துச் சேர்த்தவர் அவர். அந்த இடுக்கியைக்கூட அவர்தான் தன் மருத்துவமனையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கூடத்தில் கண்காட்சி வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பலகை கொண்டுவருவார்கள். எல்லாப் பலகைகளையும் வரிசையாகப் பூட்டினால் கூடத்தைச் சுற்றி ஒரே தடமாகும், வண்டிகள் ஒருவர் ஊரிலிருந்து அடுத்தவர் ஊருக்கு ஓடும். அதனால் அவர்கள் விதி ஒன்று: பலகையின் இரண்டு பக்கமும் தண்டவாளம் திறந்திருக்க வேண்டும்.

வட்டத்துக்கு அந்த விதி தெரியும். தெரிந்தேதான் ஒரு பக்கத்தைச் சுவர் வைத்து அடைத்தார். ஆனாலும் அந்தக் கூடத்தில் வைக்க வேண்டும் என்று தவியாய்த் தவித்தார். ஊரே வரும் கூடம். டிப்போவில் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார்: “என் வண்டி வந்து நிக்கிறத நாலு பேர் நின்னு பாக்கணும். எனக்கு அது போதும்.” வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

கண்காட்சி நெருங்கியபோது டாக்டர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பின்னறையில் நுழைந்தார். கண்ணைப் பிளாட்பார மட்டத்துக்குக் கொண்டுவந்து குழாயையும் சொட்டையும் பார்த்தார்.

“பிரமாதம் சார். நம்ம சங்கத்துல இப்படி ஒரு வேலை யாரும் செஞ்சதில்ல. மெய்யாலுமே சொல்றேன்.”

வட்டத்துக்கு முகம் மலர்ந்தது.

“ஒரே ஒரு சின்ன விஷயம்” என்று டாக்டர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். “இந்தச் சுவத்துல மட்டும் ஒரு ஓட்ட போட்டுட்டா போதும். முட்டுக்கட்டைய எடுத்துட்டுத் தண்டவாளத்த அப்படியே நீட்டிக்கலாம். அந்தப் பக்கம் நம்ம செயலாளரோட மலை வருது. சுரங்கத்துக்கு நேரா வாசல் கெடைச்ச மாதிரி ஆயிரும்.” பேசிக்கொண்டே கழிப்பறைச் சுவரில் பென்சிலால் அரைவட்டமாக ஒரு கோடு போட்டார். பல்லில் ஓட்டை எங்கே அடைப்பது என்று காட்டுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகப் போட்டார்.

“வண்டி நிக்காதா அப்ப?” என்றார் வட்டம்.

“எதுக்கு நிக்கணும்? சனங்க ஓடுற வண்டியப் பாக்கத்தானே சார் வர்றாங்க. நிக்கிற வண்டி முன்னாடி யாரு நிப்பாங்க?”

“யாரும் நிக்க வேணாம். போறவன் போகட்டும். நான் வேல பாத்த காலம் பூரா நின்னதே இல்ல டாக்டர். நான் செஞ்ச வண்டியாவது நிக்கட்டும்.”

“உங்க உணர்ச்சி புரியுது. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. உங்களுக்கு மட்டும் தளர்த்தினா நாளைக்கு ஆளாளுக்குச் சுவரு வைப்பாங்க.” டாக்டர் வாசலில் நின்ற சட்டக்காரம்மாவைப் பார்த்தார். “நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. ஒரு சின்ன ஓட்டதானே.”

பின்னறையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அந்த அம்மா வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. அதனால் நானே பயந்தேன். அவர் உள்ளே வந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றி, எச்சில் தொட்டு, சுவரில் இருந்த பென்சில் கோட்டைத் துடைத்தார். கறைக்குச் சேதமில்லாமல் கோடு மட்டும் போனது.

“டாக்டர், நீங்க எங்க வேணா ஓட்ட போடுங்க. மலையில போடுங்க, பல்லுல போடுங்க. இந்தச் சுவத்துல கை வைக்காதீங்க. இந்த ஒரு எடம் இல்லாமத்தான் இந்த மனுஷன் தரையில கெடந்து உருண்டாரு. ஒத்தடம் குடுத்தவ நான். எனக்குத் தெரியும் இது எதுக்கு இருக்குன்னு.”

டாக்டர் பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டார். விதியை மட்டும் அவர் பையில் வைக்கவில்லை. “கமிட்டில பேசுறேன்” என்று போனார். கமிட்டி பேசியது. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் வரலாம், இல்லையென்றால் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது.

“அப்ப என் வண்டி வராதுன்னு சொல்லுங்க” என்று வட்டமும் சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டு வந்து பின்னறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தொழிற்சங்கத்தில் ஐம்பது பேர் முன்னால் நின்று பேசினவன் நான். அவரிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

“டிப்போ வாசலுக்கு எதுக்க நம்ம சங்க ஆபீஸ் ரூம் சும்மாதானே கெடக்கு? பழைய தட்டியும் கொடியும்தான் தூசி தின்னுட்டிருக்கு. சாவி எங்கிட்டதான் இருக்கு.”

“அங்க யாரு தோழர் வருவா?”

“நம்ம ஆளுங்க வருவாங்க. காபி கெடையாது, அவ்வளவுதான்.”

சிரித்தார். சரி என்றார்.

ஆபீஸ் ரூம் வாசலைப் போய் அளந்தார். வேன் ஒன்று ஏற்பாடு செய்தோம், அதன் பின்கதவை அளந்தார். படிக்கட்டுத் திருப்பத்தை இரண்டு தடவை அளந்தார். தூக்க டிப்போவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பலகையைத் தூக்கி, பின்னறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பலகை நின்றது. கழிப்பறை இருக்கிற கடைசிப் பக்கம் வாசலைவிடக் கையகலம் பெரிது.

மரத்தைத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய், உள்ளேயே இருந்து, ஒட்டுப் போட்டால் தண்டவாளம் ஆடும் என்று ஒரே பலகையாகக் கட்டினவர் அவர். ஊர் வாசலையெல்லாம் அளந்தவர் சொந்த அறை வாசலை அளக்கவில்லை. இந்தப் பித்துப் பிடித்தவர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு இது. ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்த்தார்கள், ஸ்டேஷன் கூரை கலகலவென்றது. “வைங்க, வைங்க!” என்று கத்தினார்.

“அண்ணே, நீங்க பஸ் ஓட்டுறப்பவே தெரியும், ரிவர்ஸ் பாக்குற அழகு” என்றான் ஒரு மெக்கானிக். 

மெக்கானிக்கே வழியும் சொன்னான். “இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் அறுத்துட்டா வெளிய வந்துரும். அங்க போய் ஒட்டிக்கலாம்.” அவன் விரல் காட்டிய இடம் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில். பெஞ்ச் இந்தப் பக்கம், குழாயும் கழிப்பறையும் அந்தப் பக்கம்.

வட்டம் பலகையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். “சரி, அறுங்க. வேற என்ன பண்ண?” என்றார். டாக்டரிடம் பிடித்த பிடி, சொந்த வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் விட்டுப்போனது.

“அந்த ரம்பத்த இப்படிக் குடு” என்று ஒரு குரல். சட்டக்காரம்மா. மெக்கானிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பலகைக்குப் போகவில்லை. வாசல்காலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் ரம்பத்தை வைத்தார்.

“ஏம்மா, என்ன பண்ற?”

“கண்ணு தெரியலையா? அறுக்குறேன்.”

“வீட்டு வாசக்கால்!”

“வாசக்கால் மரம்தானே. நாளைக்கே நான் வேற சட்டம் போட்டுக்குவேன், அதுதான் என் பொழப்பு. அந்தச் சுவத்த அறுத்தா எவன் போடுவான்? தள்ளி நில்லுங்க, தூசி கண்ணுல விழும்.”

இரண்டு பக்கமும் அறுத்தார். கால் இரண்டும் சுவரை விட்டு வந்தன. கதவு சுவரில் சாய்ந்து நின்றது. பலகை எதிலும் உரசாமல் வெளியே போனது. சட்டக்காரம்மா கையைத் தட்டிக்கொண்டு, “அளக்கத் தெரியாதவனுக்கு வாக்கப்பட்டா கதவு இல்லாமத்தான் தூங்கணும்” என்றார்.  படி இறங்கும்வரை பலகையில் சுவர் இருந்த முனையை வட்டம் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆபீஸ் ரூமில் ஜன்னலோரம் வைத்தோம். எதிரே டிப்போ வாசல் தெரியும். முதல் ஆட்கள் கிண்டல் பண்ணத்தான் வந்தார்கள். “அண்ணே, ரிட்டயர் ஆனப்புறம் பிரமோஷனா? ஸ்டேஷன் மாஸ்டரா?” என்றார்கள். வண்டி வந்து நின்றது, டிரைவர் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தார். கிண்டல் பண்ணினவர்கள் கிட்டே வந்து நின்று பார்த்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் அல்லவா, அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொக்கியைக் கழற்றி எஞ்சினைப் பக்கத்துத் தடம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டுவது யார் என்பதில் மறுநாளே சண்டை. ஒரு கண்டக்டர் இன்னொரு சண்டைக்கும் அடிபோட்டார்.

“டிரைவர் மட்டும் உக்காரலாம், கண்டக்டர் நிக்கணுமா? இது என்ன நியாயம்?”

நியாயம்தான். வட்டம் தீக்குச்சியும் மெழுகும் வைத்து ஒரு கண்டக்டரைச் செய்து பெஞ்சில் சேர்த்தார்.

இப்போது வட்டப் பேருந்தை ஓட்டுகிறது ஒரு பெண். டிப்போவில் சின்ன வட்டம் என்பார்கள். தடம் அதேதான், முனையும் ஓய்வும் இல்லாததும் அதேதான். எங்கள் ரூமுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை உண்டு. கதவு திறந்திருப்பது தெரிந்ததிலிருந்து ஓடி வருவாள், ஓடிப் போவாள். வண்டி உறுமிக்கொண்டே வாசலில் நிற்கும். ரயிலைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் பெஞ்சிலிருந்த பொம்மையைப் பார்த்து நின்றாள்.

“இவன் எவ்வளவு நேரமாண்ணே உக்காந்திருக்கான்?”

“வந்ததுலேர்ந்து” என்றார் வட்டம்.

“யாரும் கத்தலையா?”

“எதுக்குக் கத்துவாங்க? இது கடைசி ஸ்டேஷன்.”

“குடுத்து வெச்சவன்” என்றாள். வெளியே ஹாரன் கேட்டது. போய்விட்டாள்.

அடுத்த சுற்றில் வாசலில் உறுமல் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேருந்தை ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, முன்சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் கழுவினாள், சொம்புத் தண்ணீரைக் கடைசிவரை குடித்தாள், பழைய தட்டிகளைத் தள்ளிவிட்டு எங்கள் மர பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வட்டம் அப்போதுதான் பொம்மையை இறக்கி முடித்திருந்தார். இரண்டு டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள்.  எனக்கு அந்த அதிகாரி காகிதத்தில் போட்ட வட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

பயணிகள் சும்மா இருப்பார்களா? கும்பலாக உள்ளே வந்தார்கள். “ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்கோம், நீ இங்க பொம்மை பாக்குறியா?” என்றார் ஓர் அம்மாள். அவர் கேட்டதும் நியாயம். “அம்மா, காலைலேர்ந்து இப்பதான் உக்கார்றேன். தூக்கம் சொக்குது. இப்படியே ஓட்டினா ஆஸ்பத்திரிக்கு நாம எல்லாருமே சேந்துதான் போவோம்” என்றாள் சின்ன வட்டம். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, “கொஞ்சம் பொறுங்கய்யா. உசுரு பெருசா, நேரம் பெருசா?” என்று அவரே அதட்டினார்.

கும்பலின் பின்னால் டாக்டர் நின்றார். கண்காட்சி முடிந்துவிட்டது, வட்டத்தின் வண்டியைப் பார்க்கத்தான் அந்தப் பேருந்தில் வந்தாராம். முன்னால் வந்து கண்ணைப் பிளாட்பார மட்டத்தில் வைத்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது. அவரும் நின்றார். உள்ளே வந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

“நிக்கிற வண்டி முன்னாடி யாரு நிப்பாங்கன்னு கேட்டீங்களே” என்றார் வட்டம்.

“கேட்டேன் சார்” என்றார் டாக்டர், தலையைத் திருப்பாமல்.

அந்த நேரம் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். “யாரு வண்டிய நிறுத்தினது? எஞ்சின் கோளாறா?”

“இல்ல சார். முனையில நிக்குது” என்றாள் சின்ன வட்டம்.

“வட்டத்துக்கு ஏதும்மா முனை?”

வட்டம் இடுக்கியை எடுத்தார். பெஞ்சையும் குழாயையும் சுவரையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினார். “இது” என்றார். அப்புறம் இடுக்கியை ஜன்னல் பக்கம் நீட்டி, கல் வைத்து நிறுத்தியிருந்த பேருந்தைக் காட்டினார். “அது. அன்னிக்குக் காகிதத்துல காட்டச் சொன்னாங்க. காகிதத்துல இல்ல, இங்க இருக்கு. வேணும்னா எழுதிக்குங்க.”

“நீங்க எதுக்கு நடுவுல? ரிட்டயர் ஆனவர் தலையிடக் கூடாது. வண்டிய மொதல்ல எடுங்க. ரிப்போர்ட் போடுவேன்.”

“போடுங்க. ரெண்டு ரிப்போர்ட்டாப் போடுங்க, ரயிலும்தான் நிக்குது” என்று நான் சொன்னேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

இன்ஸ்பெக்டர் கோபத்தில் கரண்ட் குமிழ்மேல் கையை வைக்கப் போனார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பல் பிடுங்குகிற பிடி.

“தொடாதீங்க சார். டிரைவர் பெஞ்சுல இருக்கார்.”

இன்ஸ்பெக்டர் பொம்மையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எந்த டிரைவரைச் சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தார். எழுதட்டும். எழுதி வரட்டும். இந்தத் தடவை யூனிஃபார்ம் கொடுத்து அனுப்ப முடியாது.

சின்ன வட்டம் முதுகை நிமிர்த்தினாள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணே, அவனையும் ஏத்துங்க” என்றாள்.

வட்டம் எஞ்சின் கூரையைத் திறந்தார்.